அந்த அம்மா சொன்னதும் நான் எழுதியதும்

மாணவர் சேர்க்கைக்காக ஒவ்வோர் ஆண்டும் துண்டறிக்கை அச்சிடுகிறோம். விலையில்லாப் பாடநூல், சீருடை, காலை உணவு, திறன் வகுப்பறை என்று வரிசையாகப் போட்டுவிட்டு, கீழே பெற்றோர் இரண்டு மூன்று பேரின் கருத்தையும் சேர்ப்பது வழக்கம். ஊர்க்காரர் சொன்னால் ஊர்க்காரர் நம்புவார் என்பது அதன் கணக்கு. அந்தக் கருத்துகளை உண்மையில் எழுதுவது யார்? பெரும்பாலும் நாம்தான். பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நான் பணியாற்றுவது திருமங்கலத்தை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். சுற்றிலும் கரிசல் காடு, கிணறு உள்ள இடங்களில் மல்லிகைத் தோட்டம். கோடையில் பூ கொட்டும். விடிவதற்குள் மொட்டாகப் பறித்து மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். எங்கள் பிள்ளைகளின் தாய்மார் பலர், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பூவெடுக்கப் போகிறவர்கள். அவர்களில் ஒருவரிடம், அவருடைய மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, துண்டறிக்கைக்காகக் கருத்துக் கேட்டேன். அவர் சொன்னதைக் கைப்பேசியில் பதிவும் செய்துகொண்டேன். அது இதுதான்:

"மொதல்ல இங்கிலீஷ் மீடியத்துலதான் சார் போட்டோம். ரெண்டு வருசம். பீஸு கட்ட முடியல, இங்க கொண்டாந்து விட்டோம். இப்பத் தமிழு எழுத்துக் கூட்டி வாசிக்கிது. கணக்குதான் இன்னும் வரல. டீச்சரு வைய மாட்டாங்க, அதுனால அழுவாமப் போகுது. காலைல சாப்பாடு போட்டுர்றாங்கள்ல, நா அஞ்சு மணிக்கே பூவுக்குப் போயிரலாம்."

நான் எழுதிக் கொடுத்தது:

"என் மகள் தமிழும் கணக்கும் சிறப்பாகக் கற்கிறாள். அன்பான ஆசிரியர்கள், தரமான கல்வி, சத்தான காலை உணவு. அனைவரும் தம் குழந்தைகளை அரசுப் பள்ளியில் சேர்த்துப் பயன்பெறுவீர்!"

அப்போது எனக்கு இதில் தவறு எதுவும் தெரியவில்லை. நல்ல காரியத்துக்காகத்தானே. பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாக்கினோம், கொஞ்சம் ஒழுங்குபடுத்தினோம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஐந்நூறு படிகள் அச்சாகி, பேரணியில் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தன.

மூன்றாம் நாள் அந்த அம்மா பள்ளிக்கு வந்தார். தோட்டத்தில் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். "ஒம் மக கணக்குல புலியாமே" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்திருக்கிறார்கள். கோபமாகப் பேசவில்லை. "கணக்கு வரலன்னு ஒங்ககிட்டதான சார் சொன்னேன். வருதுன்னு போட்டுட்டீங்க. இனிமே நா யாருகிட்டப் போயிச் சொல்றது?" என்றார்.

கேலியைக்கூட நான் தாங்கியிருப்பேன். இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் அதைக் 'கருத்து' என்று மட்டும் பார்த்தேன். அவரோ ஓர் ஆசிரியரிடம், தன் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று முறையிட்டிருக்கிறார். விளம்பரத்துக்கு உதவாத வரி என்று நான் வெட்டியது, பள்ளி கேட்டிருக்க வேண்டிய ஒரே வரி. இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது. மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் 15.09.2022 அன்று தொடங்கிவைக்கப்பட்டு, 25.08.2023 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தைப் பற்றி எத்தனையோ பதாகைகள் பார்த்திருக்கிறோம். 'அஞ்சு மணிக்கே பூவுக்குப் போயிரலாம்' என்று அந்தத் திட்டத்தை யாரும் விளக்கிச் சொன்னதில்லை. அதையும் 'சத்தான காலை உணவு' என்று மாற்றிவிட்டிருந்தேன். எங்கள் ஊர்த் தாய்மாரை இழுக்கக்கூடிய ஒரே வாக்கியத்தை என் கையாலேயே அழித்திருந்தேன்.

எட்டாம் வகுப்பில் இரண்டு பாடவேளை

இந்தத் தவற்றைப் பாடமாக்கலாம் என்று தோன்றியது. நேர்க்கூற்று, அயற்கூற்று நடத்தும்போது வழக்கமாக 'நான் நாளை வருவேன் என்று முருகன் கூறினான்' என்பதோடு நின்றுவிடுகிறோம். பிள்ளைகளும் மேற்கோள்குறியை எடுத்துவிட்டு 'தான் மறுநாள் வருவதாக' என்று மாற்றி மதிப்பெண் வாங்கிக்கொள்கிறார்கள். மேற்கோள்குறி என்பது ஒரு வாக்குறுதி, உள்ளே இருப்பவை சொன்னவரின் சொற்கள் என்று எழுதுபவர் தரும் உறுதி என்பது அந்தப் பயிற்சியில் வருவதே இல்லை.

அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு, பெயரைச் சொல்லாமல், இரண்டு வடிவங்களையும் கரும்பலகையில் எழுதினேன். எழுதியது நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் கேட்டேன். கணக்கு காணாமல் போனதை உடனே கண்டுபிடித்தார்கள். ஒரு மாணவி, "காணாமப் போகல சார், தலைகீழா ஆயிருச்சு" என்று திருத்தினாள். கடைசி வரியைப் படித்ததும் வகுப்பே சிரித்தது. "'பயன்பெறுவீர்'னு எந்த அம்மா சார் பேசுவாங்க?" ஆனால் நான் எதிர்பாராத கேள்வி ஒரு பையனிடமிருந்து வந்தது: "வையாம இருக்கிறதும் அன்பா இருக்கிறதும் ஒண்ணா சார்?" வைவதில்லை என்பது அந்த அம்மா கண்டது. அன்பு என்பது நான் சேர்த்தது. இந்த வேறுபாட்டை எந்த இலக்கணப் பயிற்சியும் இவ்வளவு எளிதாகச் சொல்லித் தந்திருக்காது.

வீட்டுப்பாடமாக ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் பயன்படும் ஏதாவது ஒரு பொருளைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவர வேண்டும். இது சுலபம் என்று நினைக்க வேண்டாம். 'சொன்னபடியே' என்று மூன்று முறை சொல்லியும் பாதிப் பேர் திருத்திக்கொண்டுதான் வந்தார்கள். தாத்தா மம்பட்டியைப் பற்றிச் சொன்னது, "இம்மண்வெட்டி தரமான இரும்பினால் ஆனது. கைப்பிடி மட்டும் சற்றுத் தளர்வாக உள்ளது" என்று வந்திருந்தது. தாத்தா அப்படியா பேசுவார் என்று கேட்டால், "நீங்கதான சார் பேச்சுத்தமிழ்ல எழுதக் கூடாதுன்னீங்க" என்று பதில். எட்டு ஆண்டுகளாக நாம் பழக்கியது. பிள்ளையைக் குறை சொல்ல முடியவில்லை.

மறுநாள் குழுக்களாகப் பிரித்து, கொண்டுவந்த கூற்றுகளிலிருந்து ஒரு வரி அல்லது இரண்டு வரி விளம்பரம் தயாரிக்கச் சொன்னேன். சொற்களை வெட்டலாம், புதிதாகச் சேர்க்கக் கூடாது. இதில் ஒரு குழுவுக்குக் கிடைத்த கூற்று சுங்குடிச் சேலையைப் பற்றி ஒரு பாட்டி சொன்னது. மதுரைச் சுங்குடி நம் ஊர்ச் சௌராஷ்டிர மக்களின் கைத்திறன். 2005இல் புவிசார் குறியீடும் பெற்றது. பாட்டி சொன்னது: "மொத ரெண்டு தண்ணிக்குச் சாயம் போகும். அப்புறம் போகாது. வெயிலுக்கு இதுதான் ஒடம்புக்கு ஆகும்."

குழு தயாரித்த விளம்பரம்: "வெயிலுக்கு இதுதான் ஒடம்புக்கு ஆகும்." ஒரு சொல்லும் மாறவில்லை. பாட்டி சொன்னது அப்படியே இருக்கிறது. இது சரியா?

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. விளம்பரத்தில் குறையையுமா போடுவார்கள் என்று ஒரு பக்கம். எல்லாவற்றையும் போட இடம் ஏது என்றும் கேட்டார்கள். அதுவும் நியாயம்தான். ஒருவர் பேசியது முழுவதையும் யாராலும் அச்சிட முடியாது. எதிர்ப்பக்கத்தில் ஒரு மாணவி எழுந்து, "சாயம் போகும்னு தெரியாம வாங்குனவங்க வெள்ளைச் சட்டையோட சேத்து ஊற வச்சிருவாங்க சார்" என்றாள். இன்னொருத்தி, "எங்க அப்பத்தா வந்து நா அப்படிச் சொல்லலையேன்னு கேக்காது. ஆனா நா அதமட்டுமா சொன்னேன்னு கேக்கும்" என்றாள். பாட்டி அவளுடைய அப்பத்தாதான்.

பாடவேளை முடியும் மணி அடித்தும் முடிவு வரவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை. என் எண்ணத்தைக் கேட்டார்கள், சொன்னேன். பாட்டி தன் பழைய கண்டாங்கியையும் அந்தக் காலத்து விலையையும் பற்றிப் பேசியிருந்தால் அதை வெட்டலாம். வாங்குபவருக்குத் தேவைப்படும் எச்சரிக்கையை வெட்டினால், மிச்சமிருக்கும் சொற்கள் பாட்டியுடையவை என்றாலும் செய்தி பாட்டியுடையது அல்ல. கடைக்காரருக்கும் இதில் இலாபமுண்டு. முதல் இரண்டு தண்ணீருக்குப் போகும், பிறகு போகாது என்று முன்பே தெரிந்தவர் மூன்றாம் நாள் கடைக்கு வந்து சண்டை போடமாட்டார்.

இந்த இடத்தில் முப்புள்ளியையும் சேர்த்து நடத்தலாம். திரைப்பட விளம்பரம் நல்ல எடுத்துக்காட்டு. 'நடிகர்கள் அருமையாகச் செய்திருந்தும் படம் நகரவே இல்லை' என்று ஒரு விமர்சனம் வந்ததாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 'அருமை...' என்று மட்டும் எடுத்துப் போட்டால் அந்த மூன்று புள்ளிகள் எதை மறைக்கின்றன என்று கேளுங்கள். பிள்ளைகள் தாங்களாகவே பத்து உருவாக்கிக்கொண்டு வருவார்கள். சிலவற்றில் நம் பெயரும் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நன்னூலும் சட்டமும்

தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பாயிரம் பற்றிப் பேசும்போது நன்னூல், எவ்வளவு பெரிய நூலைச் செய்தவரானாலும் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது தகாது என்கிறது. சிறப்புப் பாயிரம் சொல்லத் தக்கவர்கள் என்று அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரைக் காட்டுகிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரை உடன் பயின்றவர் என்றே மரபு சொல்கிறது. அந்த அம்மாவின் பெயரில் நானே எழுதியபோது நான் செய்தது என்ன? என் பள்ளிக்கு நானே பாயிரம் பாடி, கீழே அவர் பெயரைப் போட்டிருக்கிறேன். இதே நன்னூல் தற்புகழ்ச்சிக்குச் சில இடங்களில் விலக்கும் தருகிறது. தம் ஆற்றலை அறியாதவரிடத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவற்றுள் ஒன்று. ஆகவே பள்ளியின் பெருமையைச் சொல்லத் தடை இல்லை. அதைப் பள்ளியின் பெயரிலேயே சொல்லிக்கொள்ளலாம்.

இன்றைய சட்டமும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அந்த ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, விளம்பரத்தில் ஒருவர் தரும் பரிந்துரை அவருடைய உண்மையான கருத்தாக இருக்க வேண்டும். ஓரளவு அண்மைக்காலத்துக் கருத்தாகவும், அந்தப் பொருளைப் பற்றிய போதிய தகவலையோ பட்டறிவையோ அடிப்படையாகக் கொண்டதாகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் சொற்களை அப்படியே தர வேண்டும் என்றுகூடக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சொன்னவரின் கருத்துத் திரிந்துபோகும்படி மாற்றி எழுதவோ, சூழலிலிருந்து பிய்த்து எடுக்கவோ கூடாது என்கிறது. நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கலாம், பொருள் மாறக் கூடாது என்று நாம் வகுப்பில் சொல்வதுதானே இது.

நம் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது பயிற்சி மையங்களுக்கு 2024 நவம்பரில் வந்த நெறிமுறை. மதுரைக்குள் நுழைந்தால் சாலையோரம் முழுவதும் வெற்றி பெற்ற மாணவர்களின் படங்கள்தான். தேர்ச்சி பெற்றவரின் பெயர், படம், அவர் சொன்ன கருத்து எதையும் அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்கிறது அந்த நெறிமுறை. அந்த ஒப்புதலையும் அவர் வெற்றி பெற்ற பிறகே வாங்க வேண்டும். சேரும்போதே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வதை அது ஏற்கவில்லை. அவர் எந்தப் பயிற்சியில் சேர்ந்திருந்தார், அது கட்டணப் பயிற்சியா என்பதையும் காட்ட வேண்டும். மேல்வகுப்பு ஆசிரியர்கள் இதை வகுப்பில் பேசலாம். அந்தப் பதாகைகளை நம்பிப் பணம் கட்டப்போகிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்தான்.

நம் துண்டறிக்கை வணிக விளம்பரமா, இந்தச் சட்டம் நமக்குப் பொருந்துமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. சேலைக் கடைக்கு ஆகாதென்று சட்டம் சொல்வதைப் பள்ளிக்கூடம் செய்துகொண்டிருக்கலாமா என்பது மட்டும்தான் எனக்கு உறுத்தியது.

மொழியைத் திருத்தலாமா?

உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் என்னோடு உடன்படவில்லை. "பேசினபடியே அச்சடித்தால் அந்த அம்மா படிக்காதவர் என்று காட்டிக்கொடுப்பது போல இருக்கிறது. படித்த பெற்றோரின் கருத்தை மட்டும் நல்ல தமிழில் போடுவோம், பூவெடுப்பவர் பேச்சைக் கொச்சையாகப் போடுவோமா?" என்று கேட்டார். இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அவர் சொன்னதில் உண்மை இருந்தது. 'வாசிக்கிது' என்பது எனக்கு உயிரோட்டமாகத் தெரிகிறது. எழுதியதைப் படித்துப் பார்க்கும் அவருக்கு அது எப்படித் தெரியும்?

அவரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். அடுத்த ஆண்டு மூன்று பெற்றோரிடம் இரண்டு வடிவங்களைப் படித்துக் காட்டினோம். பொருள் மாறாத பேச்சு வடிவம் ஒன்று, பொருள் மாறாத எழுத்து வடிவம் ஒன்று. ஆட்டோ ஓட்டும் ஒரு தந்தை, "எழுத்துத் தமிழ்லயே போடுங்க சார், ஊருல சிரிப்பாங்க" என்றார். அப்படியே செய்தோம். நம் பூக்காரத் தாய், "நா பேசுனது மாதிரியே இருக்கட்டும்" என்றார். அதையும் அப்படியே செய்தோம். வாசிக்கத் தெரிந்தவர் என்றாலும் தாளைக் கையில் கொடுத்துக் கையெழுத்துக் கேட்பதைவிட, வாய்விட்டுப் படித்துக் காட்டுவது நல்லது. தாளை நீட்டினால் எல்லாரும் 'சரி சார்' என்றுதான் சொல்வார்கள். காதால் கேட்கும்போதுதான் 'இது இல்லையே' என்று நிறுத்துகிறார்கள். பிள்ளையின் பெயரையும் படத்தையும் தவிர்த்துவிட்டோம். 'மூன்றாம் வகுப்பு மாணவியின் தாய்' என்பதே போதும்.

தலைமை ஆசிரியை தயங்கினார். "கணக்கு வரலைன்னு நாமே அச்சடிச்சுக் கொடுக்கணுமா?" என்பது அவர் கேள்வி. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தோம். நீண்ட நேரம் பேசினார்கள். கடைசியில், தாயின் கூற்று முழுதாக வர வேண்டும், அதற்குக் கீழே பள்ளியின் பெயரில் ஒரு வரி வர வேண்டும் என்று முடிவாயிற்று: 'கணக்கில் உதவி தேவைப்படும் குழந்தைகளுக்கு மாலையில் அரை மணி நேரம் தனிப்பயிற்சி அளிக்கிறோம்.' எழுதிவிட்ட பிறகு அதை நடத்தியாக வேண்டியதாயிற்று. இரண்டு பேர் முறைவைத்து நடத்துகிறோம்.

சேர்க்கை கூடியதா என்று கேட்பீர்கள். முந்தைய ஆண்டைவிட இரண்டு பேர் கூடுதல். அந்தத் துண்டறிக்கையால்தான் கூடியது என்று இங்கே எழுதினால், மறுபடியும் அதே தவற்றைச் செய்தவன் ஆவேன்.

இந்த ஆண்டும் துண்டறிக்கை வேலை தொடங்கிவிட்டது. சென்ற ஆண்டுக் கூற்றையே மீண்டும் போட்டுவிடலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்கப் போனேன். மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. "அத அப்படியே போட்டுறாதீங்க சார்" என்றார். "இப்பக் கழித்தல், பெருக்கல் எல்லாம் போடுது. வகுத்தல்தான் வரல. அப்படித் திருத்திப் போடுங்க."